லோப்பினோ பள்ளத்தாக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிப்ரவரியில் நானும் மனைவியும் டிரினிடாடில் பத்து நாள் இருப்போம். கடற்கரைகளை விட்டுவிட்டு லோப்பினோ கோகோ பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசை. அரைநாள் போதும் என்கிறார்கள். போதுமா? நாங்கள் சைவம்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

போதாது. ஓர் இரவாவது தங்குங்கள். பழைய பண்ணைவீட்டைச் சுற்றிவிட்டு மதியமே திரும்புகிறவர்கள் கோகோவைப் பார்ப்பதே இல்லை. அந்த வீட்டுக்குரிய லோப்பினோ பிரபு, ஹைட்டிப் புரட்சியில் தோட்டத்தை இழந்து வந்த பிரெஞ்சுக்காரர். 1800களின் தொடக்கத்தில் இங்கே காடு வெட்டிக் கோகோ நட்டவை அவரிடம் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களின் கைகள். பிறகு, 1940களில், பக்கத்துக் கௌரா பள்ளத்தாக்கில் அணை வரப்போகிறது என்று வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே குடியேறின. அந்த அணை கட்டப்படவே இல்லை. பெரியவர்கள் பேச்சில் கௌரா என்ற பெயர் வந்தால் நின்று கேளுங்கள்.

தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் சிட்டி கேட் பேருந்து நிலையத்தில் சிவப்புப் பட்டை போட்ட மேக்ஸி (மினிபஸ்) ஏறி அரூக்காவில் இறங்க வேண்டும். அங்கிருந்து மலைச்சாலையில் ஷேர் டாக்ஸி. நம்பர் பிளேட் ‘எச்’சில் தொடங்கினால்தான் அது உரிமம் பெற்ற வாடகை வண்டி. வண்டியிலோ கடையிலோ நுழைந்ததும் முதலில் "குட் மார்னிங்" சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. இருட்டிய பின் "குட் நைட்" என்றால் விடைபெறுவது என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் வணக்கம்தான்.

பிப்ரவரி வறண்ட காலம். மலைச்சரிவெங்கும் இலையுதிர்த்து ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்பது இம்மோர்ட்டெல். நம் கல்யாண முருங்கையின் உறவு மரம். கோகோவுக்கு நிழல் தர நட்டது.

ஒரு கோகோ கொட்டை புளித்துக் காய்ந்து தேறி வர இரண்டு வாரம் ஆகும். ஆனால் வேலை நடக்கும் தோட்டத்தில் எல்லாக் கட்டங்களும் ஒரே நாளில் கண்ணில் படும். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். காயை உடைத்து வெள்ளைச் சதையோடு கொட்டைகளை மரப்பெட்டியில் கொட்டி, புளிப்பதற்காக வாழையிலையால் மூடுவார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி, ஆறேழு நாள். பெட்டியருகே குனிந்து முகர்ந்து பாருங்கள்: முதல் நாள் பெட்டியில் பழ இனிப்பு, மூன்றாம் நாள் பெட்டியில் மூக்கைத் துளைக்கும் வினிகர். உள்ளே சூடு 45 டிகிரியைத் தாண்டும். கொட்டை கொஞ்சமாக இருந்தால் அந்தச் சூடு ஏறாது. கிளறாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நாள் கடந்தால் அழுகல் வாடை வரும்.

அடுத்து கோகோ வீடு. தண்டவாளத்தில் தள்ளித் திறக்கிற கூரை, கீழே காயும் தளம். தூறல் விழுந்ததும் கூரையை இழுத்து மூடியாக வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் புளிப்பு உள்ளேயே தங்கிவிடும், இழுத்தடித்தால் பூஞ்சணம். ஒட்டிய சதைத் தோல் போகவும் மெருகேறவும் லேசாக நீர் தெளித்து வெறுங்காலால் மிதிப்பதற்குப் பெயர் ‘கோகோ டான்ஸ்’. இப்போது பெரும்பாலும் விருந்தினருக்காகத்தான் செய்து காட்டுகிறார்கள். காய்ந்த கொட்டை ஒன்றை நீளவாக்கில் வெட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே பழுப்பும் வெடிப்புகளும் இருந்தால் நன்கு புளித்தது. ஊதாவோ சிலேட்டு நிறமோ என்றால் புளித்தது போதவில்லை.

ஊரின் பராங் பாட்டு உங்களுக்குக் கிடைக்காது. வெனிசுவேலாவிலிருந்து வந்த கோகோத் தொழிலாளர்களின் வழியில், கிறிஸ்துமஸ் காலத்தில் ஸ்பானிய மொழியில் வீடு வீடாகப் பாடுவது. ஜனவரி 6-ஓடு முடிந்துவிடும்.

சாப்பாட்டில் கவனம் தேவை. கலலூ என்பது சேப்பங்கிழங்கு இலை, வெண்டைக்காய், தேங்காய்ப்பால் சேர்ந்த கூட்டு. சைவம்போலத் தெரியும்; நண்டோ உப்பிட்ட பன்றிவாலோ போட்டிருப்பார்கள். சமைக்கும் முன்பே சொல்லிவையுங்கள். இலை நன்றாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும், நம் ஊரில்போலவே. கறிவேப்பிலையை அவர்கள் ‘கரப்புலே’ என்பார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர் விட்டுச்சென்ற சொல்.

திரும்பும்போது சாக்லேட் பட்டையைவிட கோகோ உருண்டை வாங்குங்கள். வறுத்த கொட்டையோடு ஜாதிக்காய், இலவங்கப்பட்டை அரைத்து உருட்டியது. ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி துருவி, தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு பாலும் சர்க்கரையும். மேலே எண்ணெய் மிதக்கும். அது கோகோ வெண்ணெய், வடித்துவிடாதீர்கள்.