விருதுப் பட்டியலில் சேர்க்கப் பணம் கேட்கிறார்களா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2023இல் என் சிறுவர் நாவலைச் சொந்தச் செலவில் வெளியிட்டேன். பால சாகித்ய புரஸ்கார் பட்டியலில் சேர்க்க 15,000 ரூபாய் ஆகும், இப்போதே காலம் கடந்துவிட்டது என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சாகித்ய அகாதெமி 2010 முதல் 24 மொழிகளில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் விருது இது. பரிசு 50,000 ரூபாய். அதற்குக் கட்டணமே கிடையாது. அறிவிப்பு வரும்போது நீங்களே புத்தகத்தை அனுப்பலாம்.

காலமும் கடக்கவில்லை. விருது ஆண்டுக்கு முந்தைய ஓராண்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் உள்ள ஐந்து ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பார்கள். 2024 விருதுக்கு 2018 முதல் 2022 வரை வந்த நூல்கள். அந்தக் கணக்கில் உங்கள் நூலுக்கு 2029 வரை இடமுண்டு. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு வயதில் ஒரு கதையைப் படித்த பிள்ளை, அதற்கு விருது வரும்போது பிளஸ் டூ முடித்திருக்கும். அப்புறம் யாருக்காக அந்த விருது?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கணக்கு முதல் பதிப்பின் ஆண்டுக்குத்தான். நூலின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'முதல் பதிப்பு: 2023' என்று தெளிவாக இருக்கிறதா? ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் டிசம்பரில் அச்சடித்துவிட்டு அடுத்த ஆண்டைப் போடுகிறவர்கள் உண்டு. வெறும் 'பதிப்பு: 2023' என்று விடுகிறவர்களும் உண்டு. பழைய ஆண்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வந்த ஒரு பிரதியை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அட்டையை மாற்றி, இரண்டு அத்தியாயம் கூட்டி மறுபடி போட்டாலும் அது மறுபதிப்புதான். புது நூல் ஆகாது. "புது வருஷம் போட்டுத் தருகிறேன்" என்று அச்சகத்தார் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பதும் இதே கூட்டம்தான். இந்தியாவில் அந்த எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது. இந்த விவரங்களையெல்லாம் தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்து நூலகந்தோறும் ஒட்டியிருந்தால் எத்தனையோ ஆசிரியர்களின் சம்பளப் பணம் மிச்சமாகியிருக்கும்.

அந்த ஆள் மறுபடி அழைத்தால், ரசீது எந்த அலுவலகத்தின் பெயரில் வரும் என்று கேளுங்கள்.