எனாமல் டயல் கைக்கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு விலை? கொழும்பில் இருந்துகொண்டு சேகரிக்கலாமா?

என்னிடம் இருப்பது மொத்தமே மூன்று. அதில் ஒன்று ஓடாது. பெரிய சேகரிப்பாளர் சொல்கிறார் என்று எடுத்துவிடாதீர்கள்.

ஓடாததுதான் முதலில் வந்தது. அம்மப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவருடைய பொக்கற் மணிக்கூடு அம்மாவின் அலுமாரிக்குள் பூச்சி உருண்டை மணத்தோடு கிடந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. யன்னல் கொளுக்கி, தையல் மெஷின் எல்லாம் துருதான். மணிக்கூட்டின் முள்ளுகளும் கபில நிறமாகியிருந்தன. ஆனால் டயல் மட்டும் நேற்றுக் கழுவிக் கவிழ்த்த பீங்கான் கோப்பை மாதிரி வெள்ளை. மூன்று மணிக்குப் பக்கத்தில் மயிரளவு ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். அந்த வெள்ளைதான் எனாமல். அதில்தான் நான் மாட்டுப்பட்டேன்.

எனாமல் என்பது பெயின்ற் இல்லை, கண்ணாடி. கண்ணாடியை மாவாக அரைத்து, மெல்லிய செப்புத் தகட்டிலோ தங்கத் தகட்டிலோ பரப்பி, 800 பாகை செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் சூளையில் உருக்குகிறார்கள். ஆறவைத்து, திரும்பப் பரப்பி, திரும்பச் சூளை. இப்படிப் பல தடவை. ஆறும்போது தகடு ஓர் அளவில் சுருங்கும், கண்ணாடி வேறோர் அளவில் சுருங்கும். அந்த இழுபறியில் தகடு வளையாமலிருக்கப் பின்பக்கமும் எனாமல் போட வேண்டும். ஒவ்வொரு சூட்டிலும் குமிழி வரலாம், வெடிக்கலாம். கடைசிச் சூட்டில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் டயல் கழிவுதான். நாங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, கழித்துப்போட்ட அந்த டயல்களுக்குப் போகிறது.

இதைச் செய்யும் பட்டறைகளும் கனக்க இல்லை. ஸ்விற்சர்லாந்தின் லு லொக்ல் ஊரில் 1972இல் தொடங்கிய டொன்சே கத்ரான் பெயர்பெற்றது. 2011இல் யுலிஸ் நார்டன் கம்பனி அதை வாங்கிவிட்டது. க்ளுவாசொனே என்றொரு வகை இருக்கிறது. மயிர்போன்ற தங்கக் கம்பியை வளைத்து, வயலுக்கு வரம்பு கட்டுவதுபோலப் பாத்தி பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொரு நிறம் நிரப்புவார்கள். அதெல்லாம் படத்தில் பார்க்கத்தான். ஸ்விஸ் கம்பனியான பட்டேக் பிலிப்பின் 2523 மாடலில் நீல எனாமல் டயல் வைத்த ஒன்று 2019இல் ஹொங்கொங் ஏலத்தில் 7 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் போனது. எங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களைப் போன்ற ஆட்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சீகோ பிரசாஜ் வரிசையில் வரும் எனாமல் டயல். சீகோ 1913இல் செய்த லோரல், ஜப்பானின் முதல் கைக்கடிகாரம், அதற்கும் எனாமல் டயல்தான். என்னுடையதைக் கனடாவில் இருக்கும் மச்சான் கொண்டுவந்தார். ஆயிரம் டொலர் கணக்கில் வரும், அதுவும் சின்னக் காசில்லை. மற்றது, முதலாம் உலகப்போர்க் காலத்துப் பழைய கைக்கடிகாரங்கள். அவற்றில் வெள்ளை எனாமல் டயல் சர்வசாதாரணம், விலையும் தாங்கும். எண்களில் பழைய ஒளிரும் பூச்சு இருந்தால் மட்டும் கவனம். அது ரேடியம், கதிர்வீச்சு உள்ளது. சுரண்டவோ திறந்து நோண்டவோ வேண்டாம்.

வாங்க முதல் நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எடுங்கள். ‘எனாமல்’ என்று விற்கும் கனக்கச் சாமான் உண்மையில் ரெசின், அதாவது பிளாஸ்டிக் மாதிரி இறுகும் ஒரு பசை, சூளையே காணாதது. டயலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சூட்டில் உருகிய எனாமலாக இருந்தால், கிணற்றுத் தண்ணீரில் லேசாகக் காற்றுப் பட்டதுபோல மேற்பரப்பில் மெல்லிய அசைவு தெரியும். நடுத்துளையின் விளிம்பு வெட்டியதுபோலக் கூராக இராது, நெய் உறைந்ததுபோல உருண்டு இறங்கும். இதைப் பழக அம்மப்பாவின் உடைந்த மணிக்கூடுதான் எனக்கு உதவியது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கலாம், முதலில் அங்கே தேடுங்கள்.

கொழும்புக் காலநிலை டயலை ஒன்றும் செய்யாது, உள்ளே இருக்கும் இரும்பைத்தான் தின்னும். நான் பிஸ்கட் ரின்னுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போட்டு வைத்திருக்கிறேன். மனைவிக்கு அந்த ரின்னைப் பார்த்தாலே சிரிப்பு.

உண்மையான ஆபத்து மனிதக் கை. என் இரண்டாவது மணிக்கூட்டை, பழைய ஸ்விஸ் ஒன்று, ஒயில் போடக் காலி வீதியில் ஒருவரிடம் கொடுத்தேன். முள்ளைக் கழற்ற அதற்கான கருவி இருக்கிறது. அவர் ஸ்க்ரூ டிரைவரை டயலில் ஊன்றி நெம்பினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். நடுத்துளைக்குப் பக்கத்தில் கடுகளவு கண்ணாடி தெறித்து, செம்பு தெரிந்தது.

“பரவாயில்லை தம்பி, பெயின்ற் வைச்சால் தெரியாது” என்றார்.

வைத்தார். அன்றைக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டு வருடத்தில் அந்தப் பொட்டு பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிட்டது. சுற்றியுள்ள வெள்ளை அப்படியே இருக்கிறது.