போரில் அகதிகளாகி வேற்று நாட்டில் குடியேறும் இளைஞர்களைப் பற்றிய படங்களில் உங்களால் மறக்க முடியாதது எது?

'தி குட் லை'. 2014-இல் வந்த படம், தமிழில் சொன்னால் 'நல்ல பொய்'. பிலிப் ஃபலார்டோ இயக்கியது. இதைவிடச் சிறந்த படங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இதை நான் கண்டனூரில் எங்கள் வீட்டு வளவில், மடிக்கணினியை ஒரு முக்காலி மேல் வைத்து, அப்பத்தாவோடு சேர்ந்து பார்த்தேன். மறக்க முடியாததற்கு அதுதான் காரணம். முடிவையும் சொல்லப் போகிறேன், படத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சூடானில் 1983-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2005 வரை நடந்தது. அதில் ஊரும் பெற்றோரும் அழிந்துபோக, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தாமாகவே நடந்து எத்தியோப்பியாவுக்கும் பிறகு கென்யாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 'தொலைந்த பையன்கள்' என்று அவர்களுக்குப் பெயரே விழுந்துவிட்டது. கென்யாவின் ககூமா முகாமில் பல வருடம் கிடந்தவர்களில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை 2000, 2001 வாக்கில் அமெரிக்கா எடுத்துக்கொண்டது. படத்தின் பாத்திரங்கள் கற்பனை, அடித்தளம் இது. முக்கிய நடிகர்களில் ஜெர் டுவானி, இம்மானுவேல் ஜால் இருவரும் சிறு வயதில் அந்தப் போரிலேயே துப்பாக்கி தூக்க வைக்கப்பட்டவர்கள். அவர்கள் நடக்கும்போது நடிப்பது போலவே இருக்காது.

நடந்து வரும் வழியில் ஓரிடத்தில் மாமேர் என்ற பையன் படைவீரர்கள் கண்ணில் பட்டுவிடுகிறான். மற்றவர்கள் புல்லுக்குள் படுத்திருக்கிறார்கள். கூட்டத்துக்குத் தலைவனான அண்ணன் தியோ எழுந்து நின்று, தான் மட்டும்தான் இருப்பதாகச் சொல்லி அவர்களோடு போய்விடுகிறான். அதுதான் முதல் பொய்.

அப்புறம் பதின்மூன்று வருடம் கழித்து மாமேர், ஜெரமையா, பால் மூவரும் கான்சஸ் சிட்டிக்கு வருகிறார்கள். கூட வந்த அபிட்டாலை நியூயார்க் விமான நிலையத்திலேயே பிரித்து பாஸ்டனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணைப் படமும் ஏறக்குறைய மறந்துவிடுகிறது, எனக்கு அது பெரிய குறை. இன்னொரு குறை சுவரொட்டி. ரீஸ் விதர்ஸ்பூன் முகம்தான் அதில் பெரிதாக இருக்கும். அவரோ படம் தொடங்கி அரைமணி நேரம் போன பிறகுதான் தலைகாட்டுகிறார், வேலை தேடிக் கொடுக்கும் கேரியாக.

வந்து இறங்கிய பகுதி சிரிப்பாகவே போகிறது. வீட்டில் தொலைபேசி மணி அடிக்க, அது என்ன என்று தெரியாமல் முழிக்கிறார்கள். கேரிக்கு 'யார்டிட்' என்று பெயர் வைக்கிறார்கள், பெரிய வெள்ளைப் பசு என்று அர்த்தமாம். நான் இதைச் சொன்னதும் அப்பத்தா பொக்கை வாய் தெரியச் சிரித்தது. ஜெரமையாவுக்குப் பல்பொருள் அங்காடியில் வேலை. நல்ல சாப்பாட்டுப் பண்டங்களைக் குப்பையில் கொட்டச் சொல்கிறார்கள். அவன் அதை ஒரு ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, கேட்ட முதலாளியிடம் வேலையே வேண்டாம் என்று வந்துவிடுகிறான். "சரியாத்தேன் செஞ்சிருக்கான்" என்றது அப்பத்தா.

கடைசியில் தியோ உயிரோடு இருப்பது தெரிந்து மாமேர் கென்யா போகிறான். எந்தத் தூதரகத்திலும் அண்ணனுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லி விமான நிலையம் வரை கூட்டி வந்து, தன் கடவுச்சீட்டையே அவன் கையில் கொடுக்கிறான். இனி மாமேர் என்ற பெயரில் தியோ அமெரிக்கா போவான். டாக்டராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த மாமேர் முகாம் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறான்.

வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த இடத்தில் அப்பத்தா, "உங்க ஐயாவும் இப்படி ஒண்ணு சொன்னாகப்பா" என்றது.

ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செட்டிநாட்டில் பாதி வீடுகளில் அந்தக் கதை உண்டு. எங்கள் வளவுத் தூண்களே பர்மாத் தேக்குதான். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்தில், ஒரு கடையில் ஐயா பெட்டியடிப் பையன், எடுபிடி மாதிரி, வயது பதினாலு. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மேலாட்கள் கப்பலுக்கு அலைந்துகொண்டிருக்க, ஐயாவும் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும் ஜனத்தோடு ஜனமாகப் புரோம் வழியாக அரக்கான் மலையேறிவிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் பர்மாவை விட்டு நாலைந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். மலைப்பாதையில் தண்ணீர் கிடையாது, வழியெல்லாம் காலரா. ஐயா சிட்டகாங், கல்கத்தா என்று வந்து ரயிலேறி ஊர் சேர்ந்தார். கூட வந்தவன் வழியிலேயே தவறிவிட்டான். எங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

அப்பத்தா சொன்னது மீதி. ஊருக்கு வந்த ஐயாவை அந்தப் பையனின் ஆத்தாள் கூப்பிட்டனுப்பி இரண்டே கேள்வி கேட்டிருக்கிறார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டான், கொள்ளி வைத்தது யார். "கஞ்சி குடிச்சான் ஆச்சி. கொள்ளி நாந்தேன் வச்சேன், ஆத்தங்கரையில" என்றாராம் ஐயா.

கஞ்சியும் இல்லை, ஆறும் இல்லை. மூங்கில் புதர் ஓரம், இன்னும் மூச்சு இருக்கும்போதே விட்டுவிட்டு வந்திருக்கிறார். நின்றால் கூட்டம் போய்விடும். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அப்பத்தாவிடம் மட்டும் சொன்னாராம்.

படத்தில் மார்க் ட்வைன் நாவலை வைத்து நல்ல பொய் எது என்று வகுப்பில் பேசுகிறார்கள். ஐயாவுக்கு அப்படியெல்லாம் பேச்சு வராது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன், ஊர் எது என்று கேட்டால் "ஒக்கூர்" என்று மட்டும் சொல்வான். அங்குள்ள இலங்கை அகதிகள் முகாம் என்ற மிச்சத்தை விட்டுவிடுவான். 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. ககூமாவில் அமெரிக்கா போகிறவர்கள் யார் என்று ஒட்டும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முண்டியடிக்கும் காட்சியில் எனக்கு அவன் முகம்தான் தெரிந்தது. அவனுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது.

படம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டேன். அப்பத்தா எழுந்துபோய் இரண்டாங்கட்டு அறையில் தகரப் பெட்டியைத் திறந்தது. உள்ளே மடிப்புக் கலையாத வேட்டிகள், பழுப்பேறி. அந்த ஆச்சி கொள்ளி வைத்த பிள்ளைக்கென்று தீபாவளிக்குத் தீபாவளி, தான் சாகும்வரை கொடுத்தனுப்பியதாம்.

"ஒண்ணைக்கூட உடுத்தலையா?" என்று கேட்டேன்.

"வாங்கி வப்பாக. அம்புட்டுத்தேன்" என்றது அப்பத்தா.