உலகம் அழியப் போகும்போது சீட்டாடலாமா?

கேள்வி இதுதான்: “ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி கேம்களில், அதாவது ஒரு பாத்திரமாக மாறிப் பெரிய உலகத்தில் இஷ்டம் போலச் சுற்றுகிற கேம்களில், முதன்மைக் கதை ‘உடனே போ, இல்லையென்றால் எல்லாம் போச்சு’ என்கிறது. நாமோ சைடு குவெஸ்ட் என்கிற கிளை வேலைகளில் நாற்பது மணி நேரம் சுற்றுகிறோம். இது கதையைக் கெடுக்கவில்லையா? நீங்கள் எப்படி விளையாடுவீர்கள்?”

உங்களுக்கு முன்பே இதை என்னிடம் கேட்டுவிட்டது என் ஆயா. எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவளை ஆயா என்போம்.

ஒரு வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர்வதற்கு நடுவில் இரண்டு மாதம் கானாடுகாத்தானில் ஆயா வீட்டில் இருந்தேன். வளவை ஒட்டிய அறையில் டிவியோடு பிளேஸ்டேஷனை இணைத்து விட்சர் 3 ஆடிக்கொண்டிருப்பேன். 2015-ல் வந்த கேம். ஆயா ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையை இடித்தபடி, சீரியல் பார்ப்பது போலப் பார்ப்பாள். கதையைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். வெள்ளை முடிக்காரன் கெரால்ட், பேய் பிசாசுகளை அடித்துக் கூலி வாங்குகிறவன். அவன் வளர்த்த பெண்ணை ஒரு பேய்ப்படை துரத்துகிறது, அதற்கு முன்னால் இவன் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“புள்ள பேரு என்னா?”

“சிரி.”

“என்னத்துக்கு இப்பச் சிரிக்கச் சொல்றே?”

அவளுக்குப் பெயரைப் புரியவைக்கவே அரை நாள் ஆனது. ஆனால் கதையின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை ஒரே சாயங்காலத்தில் பிடித்துவிட்டாள். நான் க்வென்ட் ஆடிக்கொண்டிருந்தேன். அந்த கேமுக்குள்ளேயே இருக்கும் சீட்டாட்டம் அது. வியாபாரி, சத்திரக்காரர் என்று பாதிப் பேர் கையில் ஒரு சீட்டுக்கட்டு வைத்திருப்பார்கள்.

“புள்ள கெடச்சிருச்சா?”

“இல்ல ஆயா, தேடிக்கிட்டு இருக்கேன்.”

“தேடுறியா? சீட்டுல ஆடுறே. புள்ளயக் காணோம்னா எவனாச்சும் சீட்டாடுவானா?”

“பெத்த புள்ள இல்ல ஆயா, வளத்த புள்ள.”

“வளத்த புள்ளன்னா இன்னும்ல பதறணும்!”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த சில நாள் கவனித்தபோது ஒன்று புரிந்தது. ஆயா எல்லா சைடு குவெஸ்ட்டையும் திட்டவில்லை. ஊர்ப் பலகையில் ஒட்டியிருக்கும் வேலைகளை எடுத்து, ஏதாவது ஒரு பூதத்தை அடித்துக் காசு வாங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டாள். “வேலை பாத்தாத்தானே சோறு.” ஆரம்பத்தில் ஒரு கிழவி, பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட தன் வாணலியை எடுத்துத் தரச் சொல்வாள். அதற்கு ஆயாவின் முழு ஆதரவு உண்டு: “பழகுன சட்டி இல்லாட்டி ஒண்ணும் ஓடாதுடா.” பிளடி பேரன் என்கிற குடிகாரத் தலைவனிடம் சிரியைப் பற்றிய சேதி இருக்கிறது. அவன் மனைவியையும் மகளையும் தேடிக் கொடுத்தால்தான் முழுதாகச் சொல்வேன் என்கிறான். மணிக்கணக்கில் இழுக்கும் பகுதி அது. ஆயாவுக்குத் துளியும் சலிப்பில்லை. “அவன் புள்ளயத் தேடிக் குடுத்தாத்தானே இவன் புள்ள சேதி கெடைக்கும்?” என்றாள். சீட்டாட்டம் ஒன்றுதான் அவளுக்கு ஆகவில்லை.

என் பதிலும் ஏறக்குறைய அதுதான். சைடு குவெஸ்ட் தன்னளவில் கதையைக் கெடுப்பதில்லை. “இப்போதே” என்று அலறிவிட்டு, அப்புறம் எத்தனை மாதம் ஆனாலும் நமக்காகக் காத்திருக்கும் கதைதான் தன்னைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். எங்கள் ஆச்சி கல்யாணத்தன்று காலையில், அதாவது அக்கா கல்யாணத்தன்று, காரைக்குடி போய் மாலை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். முகப்பைத் தாண்டுவதற்குள் மூன்று பேர். “போற வழிதானே தம்பி, சலவைக்குப் போட்ட வேட்டிய வாங்கிட்டு வந்துரு.” “பூக்கடைக்குப் பக்கத்துலதான்பா, காப்பித்தூள் கால் கிலோ.” “ரயிலடில எங்க மச்சான் நிப்பாரு, அப்படியே ஏத்திக்க.” மூன்றுமே சைடு குவெஸ்ட்தான், கேமில் வேலை கொடுப்பவர் தலைக்கு மேல் மிதக்கிற மஞ்சள் ஆச்சரியக்குறிதான் இல்லை. வேட்டியை மட்டும் வாங்கப் போனேன், இஸ்திரிப் பெட்டி போட்டு முடிக்கவில்லை, நின்றேன். மாலை வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பச்சி, அதாவது அப்பா, ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அதே நான் முந்தின நாள் சாயங்காலம், சமையல் சாமான் வண்டி வருகிறவரை, பத்துப் பன்னிரண்டு வேலை செய்திருக்கிறேன். யாரும் குறை சொல்லவில்லை. வண்டி வரவில்லையே, வேறு என்ன செய்வது?

வித்தியாசம் அந்தக் காத்திருப்பில்தான். நல்ல கேம்கள் கதைக்குள்ளேயே அதை வைத்துவிடுகின்றன. 2002-ல் வந்த மாரோவிண்டில், நாம் போய்ப் பார்க்கும் உளவுத்துறைக் கிழவர் கையூஸ் கொசேடஸ், “நீ இன்னும் கத்துக்குட்டி, போய் ஏதாவது சங்கத்தில் சேர்ந்து கொஞ்சம் அனுபவத்தோடு வா” என்கிற மாதிரி நம்மை அனுப்பிவைப்பார். முதன்மைக் கதையே ஊர் சுற்ற லீவு கொடுக்கிறது! எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலுக்கு இதைவிட மலிவான, கெட்டிக்காரத்தனமான தீர்வு இல்லை. சைபர்பங்க் 2077-ல் நாயகனின் தலைக்குள் ஒரு சிப், உயிருக்குச் சில வாரமே கெடு. அங்கே ஊர் சுற்றுவது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் நடுவில் தகெமுரா என்கிற கூட்டாளி “நான் கூப்பிடுகிறேன், காத்திரு” என்று சொல்கிற இடங்களில் மட்டும் அந்த உறுத்தல் காணாமல் போய்விடும்.

எதிர்ப்பக்க உதாரணம் ஸ்கைரிம், 2011. டிராகன் வந்து ஒரு ஊரையே எரிக்கிறது, ஓடிப் போய் வைட்ரன் தலைவரிடம் சொல் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் அந்தக் கதையைத் தொடர்ந்து முதல் டிராகனோடு மோதுகிறவரை வேறு டிராகன் எதுவும் வெளியில் திரியாது. சேதி சொல்லாமல் இருந்தால் நாடு நிம்மதியாக இருக்கிறது! இந்த கேம்களில் பொதுவாகக் கதையை நகர்த்துவது கடிகாரம் அல்ல, நம் கால். குறிப்பிட்ட இடத்தை மிதித்தால், குறிப்பிட்ட ஆளிடம் பேசினால் அடுத்த காட்சி. மிதிக்காதவரை வில்லன் கையை ஓங்கியபடியே நிற்பான்.

சரி, கடிகாரத்தையே வைத்துவிட்டால்? வைத்தும் பார்த்தார்கள். 1997-ல் வந்த முதல் ஃபால்அவுட்டில், நிலத்தடிக் குடியிருப்புக்குத் தண்ணீர்ச் சில்லு, அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கான சிப், கொண்டுவர 150 நாள் கெடு. தாண்டினால் ஆட்டம் முடிந்தது. தண்ணீர் வியாபாரிகளுக்குக் காசு கொடுத்தால் இன்னும் நூறு நாள் கிடைக்கும். சில்லு கிடைத்த பிறகும் இன்னொரு கெடு ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பின்னால் வந்த திருத்தத்தில் தளர்த்திவிட்டார்கள். ஊரைச் சுற்றிப் பார்க்கக் காசு கொடுத்து வாங்கியவரை விரட்டிக்கொண்டே இருந்தால் அவருக்குக் கோபம் வராதா?

என் ரசனைக்கு இதில் நடுவழி மாஸ் எஃபெக்ட் 2. நம் விண்கப்பல் ஊழியர்களை எதிரிகள் தூக்கிப் போகும்வரை தாராளமாகச் சுற்றலாம். தூக்கிய பிறகு உடனே போனால் எல்லோரையும் மீட்கலாம். நடுவில் வேறு வேலை பார்த்தால் சிலர் சாவார்கள், பார்த்துக்கொண்டே இருந்தால் அனேகமாக எல்லோருமே. இதை நமக்குப் பலகை போட்டுச் சொல்வதில்லை. முதல் தடவை நான் இரண்டு சில்லறை வேலை முடித்துவிட்டுப் போனேன். மாலையோடு தாமதமாக வந்த அதே முழி.

எல்லாவற்றுக்கும் மேலே, 2000-ல் வந்த ஸெல்டா, மஜோராஸ் மாஸ்க். மூன்று நாளில் நிலா ஊர் மேல் விழும். நம் கணக்கில் அந்த மூன்று நாள் ஏறக்குறைய 54 நிமிடம். மறுபடி முதல் நாளுக்குத் திரும்பலாம், அதனால்தான் பொறுக்க முடிகிறது. அதில் ஆஞ்சு என்கிற பெண்ணும் கஃபே என்கிற மாப்பிள்ளையும் சேர்வது ஒரு சைடு குவெஸ்ட். அவன் அவளிடம் வந்து சேரும்போது நிலா தலைக்கு மேல் வந்திருக்கும், விடிந்தால் ஊர் இல்லை. அந்தக் கெடு இல்லாவிட்டால் அது வெறும் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. குன்றக்குடியில் கூடி பழனிக்கு நடக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. தைப்பூசம் யாருக்காகவும் தள்ளிப்போகாது, ஆனாலும் வழியில் எங்கெங்கே தங்குவது என்பதையும் சேர்த்துத்தான் புறப்படும் நாளைக் குறிக்கிறார்கள்.

நான் எப்படி விளையாடுகிறேன்? நாயகன் அந்த இடத்தில் உண்மையில் என்ன செய்வான் என்று பார்ப்பேன். காசு வேண்டும், ஆள் வேண்டும், சேதி வரட்டும் என்றால் சுற்றுவேன். ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்றால் வேட்டிக்கு நிற்காமல் போவேன். க்வென்ட்டை மட்டும் ஆயா தூங்கிய பிறகு ஆடினேன், அதற்கு எந்த நியாயமும் இல்லை.

சிரியை மூடுபனித் தீவில் கண்டுபிடித்த அன்று ஆயா தேவகோட்டையில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். போன் போட்டு, “புள்ள கெடச்சிருச்சு ஆயா” என்றேன்.

“நல்லாருக்காளா? சாப்புட்டாளா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சீட்டுக்கட்டத் தூரப் போட்டானா?”