கேனைத் திருப்பிப் பாருங்கள்

டீசல் எஞ்சின்களோடு முப்பது வருடமாக மல்லுக்கட்டும் மெக்கானிக் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் வேன் வைத்திருப்பவர்களின் எஞ்சின் ஆயில் சந்தேகங்கள்.

கேள்வி: பழைய வேனுக்குக் கடைசிவரை 15டபிள்யூ-40 ஆயில்தான் ஊற்றினேன், ஒரு குறையும் இல்லை. இப்போது வாங்கிய புது டீசல் வேனுக்கு 5டபிள்யூ-30 போடச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறது. சுமை ஏற்றும் வண்டிக்கு இது தாங்குமா? பழையதையே ஊற்றினால் என்ன?
– பார்சல் வேன் உரிமையாளர்

பதில்: தாங்கும். நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். இரண்டு விரலுக்கு நடுவே ஆயிலைத் தேய்த்துப் பார்த்து, "இதுல சத்து இருக்கு", "இதுல சத்து போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்ன ஆள். ஆனால் விரல் எஞ்சின் சூட்டில் இல்லையே! கேனில் உள்ள 30, 40 என்பதெல்லாம் 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான எண். 30 கிரேடு அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும். 40 கிரேடு 12.5க்கு மேல் 16.3க்குள். எஞ்சின் சூடான பிறகு இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம், கையில் ஊற்றிப் பார்க்கும்போது தெரிவதைவிட ரொம்பக் குறைவு. 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், 15டபிள்யூவை மைனஸ் 20இல்.

எங்கள் பக்கம் பனியே கிடையாதே என்பீர்கள். இருக்கட்டும். காலையில் சாவி போட்டதும் ஆயில் எஞ்சின் அடியிலுள்ள தொட்டியான சம்ப்பிலிருந்து ஏறி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவரை போயாக வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அது உலோகத்தின் மேல் உட்காரவில்லை, ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அங்கே சீக்கிரம் போய்ச் சேருகிற ஆயில்தான் அதற்குப் பாதுகாப்பு.

நான் பழைய ஆயிலை வேண்டாம் என்பதற்கு முக்கியமான காரணம் கெட்டித்தன்மை இல்லை. சாம்பல்.

ஒரு வேன் வந்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை, டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது. டிபிஎஃப் என்பது சைலன்சர் வழியில் உட்கார்ந்து புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி. கரி சேர்ந்ததும் வண்டியே அதைச் சுமார் 600 டிகிரிவரை சூடேற்றிக் கரியை எரித்துக்கொள்ளும். நாங்கள் ஸ்கேனரை மாட்டி, நிறுத்திவைத்தே அந்த வேலையைச் செய்ய வைத்தோம். விளக்கு அணைந்தது. பத்து நாளில் மறுபடி வந்தார், மறுபடி எரித்தோம். மூன்றாவது முறை பொறுமை போய், கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். கரியாக இருந்தால் கன்னங்கரேலென்று விழ வேண்டும். விழுந்ததோ வெளிறிய சாம்பல் நிறத்தில், சுண்ணாம்புத் தூள் மாதிரி. (முகமூடி போடாமல் தட்டினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.)

அந்தத் தூள் டீசலிலிருந்து வந்ததில்லை, ஆயிலிலிருந்து வந்தது. ஆயிலில் அழுக்கைக் கழுவவும் தேய்மானத்தைத் தடுக்கவும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் கலந்த மருந்துகள் சேர்க்கிறார்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் ஆயில் எப்போதும் எரியத்தான் செய்யும். அப்போது எண்ணெய் எரிந்துவிடும், உலோகம் சாம்பலாக நின்றுவிடும். கரியை எரிக்கலாம், சாம்பலை எத்தனை டிகிரியில் எரிப்பது? வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். அதனால்தான் டிபிஎஃப் உள்ள வண்டிகளுக்கென்று குறைந்த சாம்பல் ஆயில் வந்தது. ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் சி2, சி3 என்றால் சாம்பல் அதிகபட்சம் 0.8 சதவீதம். பழைய வகை ஏ3/பி4 ஆயிலில் அது 1.6 சதவீதம்வரை போகலாம். அந்த வேன்காரர் இரண்டாவது வகையைத்தான் வருடக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். பிராண்ட் நல்ல பிராண்ட்தான். அந்த எஞ்சினுக்கான ஆயில் அது இல்லை.

கேள்வி: ஒரே கம்பெனியின் இரண்டு கேன்கள். இரண்டிலும் 5டபிள்யூ-30, இரண்டும் ஃபுல் சிந்தெடிக், இரண்டிலும் டிபிஎஃப் வண்டிக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது?
– சுற்றுலா வேன் ஓட்டுநர்

பதில்: முன்பக்கத்தை மறந்துவிடுங்கள். அது விளம்பரம் எழுதுகிறவருடைய இடம். கேனைத் திருப்பினால் பொடி எழுத்தில் நாலு வரி இருக்கும், அதுதான் ஆயிலின் ஜாதகம்.

உங்கள் இரண்டு கேன்களில் ஒன்று சி2 ஆகவும் மற்றது சி3 ஆகவும் இருக்கலாம். சாம்பல் அளவில் இரண்டுக்கும் ஒரே உச்சவரம்பு, கிரேடும் ஒன்று. ஆனால் 150 டிகிரி சூட்டில் பேரிங் நசுக்கும்போது ஆயில் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று ஒரு சோதனை இருக்கிறது, எச்டிஎச்எஸ் என்பார்கள். சி2வுக்கு அது 2.9 இருந்தால் போதும். சி3 என்றால் குறைந்தது 3.5 வேண்டும். 2.9ஐ நினைத்து வடிவமைத்த எஞ்சினில் 3.5ஐ ஊற்றினால் பெரும்பாலும் கொஞ்சம் மைலேஜ் குறைவதோடு போகும். 3.5 கேட்கும் எஞ்சினில் 2.9ஐ ஊற்றிச் சுமையோடு மலை ஏறுவது வேறு கதை, பேரிங் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு படி மேலே போனால் வண்டித் தயாரிப்பாளர் தரும் எண். மெர்சிடிஸ் என்றால் 229.51, 229.52; ஃபோக்ஸ்வேகன் என்றால் 507.00. ஜப்பானிய டீசல்கள் சிலவற்றுக்கு டிஎல்-1 என்று ஒரு குறியீடு. உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த எண் இருக்கிறதோ அதே எண் கேனின் முதுகில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்றும் பாருங்கள். 'அப்ரூவல்' என்று இருந்தால் வண்டிக் கம்பெனி ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 'தேவையைப் பூர்த்தி செய்யும்', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. பொய் என்று சொல்லவில்லை, சாட்சி இல்லை என்கிறேன்.

முதல் பதிலில் நான் சி2, சி3 என்று அவ்வளவு பேசியதற்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. டிபிஎஃப் இருந்தும் சி வகையைச் சேராத ஆயிலைத் தன் சொந்த எண்ணில் கேட்கும் வேன்கள் உண்டு. டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடும் எஞ்சின்களும் உண்டு. தவறான ஆயிலில் அந்த பெல்ட் ஊறி, தூள் தூளாக உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் வாயிலுள்ள சல்லடையை அடைக்கும். ஆகவே என் பேச்சும் கையேடும் மோதினால் கையேட்டின் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: என் வேனில் ஆயில் குறைவதே இல்லை. சொல்லப்போனால் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் கொஞ்சம் ஏறியே இருக்கிறது. நல்ல எஞ்சின் என்று அர்த்தம்தானே?
– பள்ளி வேன் ஓட்டுநர்

பதில்: ஐயா, முதலில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடிக்கிறதா?

ஆயில் தானாகக் கூடாது. கூடினால் வேறு ஏதோ உள்ளே போகிறது என்று பொருள். உங்கள் வேலையை யோசித்துப் பாருங்கள். நாலு கிலோமீட்டர் போகிறீர்கள், தெருத்தெருவாக நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள், பள்ளி வாசலில் அணைத்துவிடுகிறீர்கள். வடிகட்டியைச் சூடேற்றுவதற்காக எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, ரிங்கைத் தாண்டிச் சம்ப்புக்கு இறங்கிவிடும். வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் அந்த வேலை ஒரே மூச்சில் முடியும். நீங்கள் பாதியில் அணைக்கிறீர்கள், அடுத்த முறை அது முதலிலிருந்து தொடங்குகிறது, மறுபடி டீசல் இறங்குகிறது.

டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்கைக் காக்காது. அளவு ஸ்டிக்கிலுள்ள 'மேக்ஸ்' (உச்ச அளவு) கோட்டைத் தாண்டிவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. அடியில் சுற்றும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக எஞ்சின் அதையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் வண்டி நிற்காது, தானாக உறுமிக்கொண்டே போகும். அதை ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடினோம்.

கோட்டைத் தாண்டியிருந்தால் இன்றே வடித்து மாற்றுங்கள். தாண்டாவிட்டாலும் கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதிலுள்ள குறைந்த கிலோமீட்டர்தான் உங்களுக்கு. வாரம் ஒரு தடவை வண்டி நன்றாகச் சூடேறும்படி அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். சூடேற்றும் வேலை நடக்கும்போது ஐடிலிங் சற்றுக் கூடும், நின்றாலும் ஃபேன் வேகமாகச் சுற்றும், சூட்டு வாடை வரும். அப்போது அணைக்காதீர்கள்.

கேள்வி: ஆயில் மாற்றிய இரண்டாம் நாளே கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: டீசல் எஞ்சினில் கறுக்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கரியைத் தன்னிடம் இழுத்து மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. நிறத்தைப் பார்க்காதீர்கள், அளவையும் வாடையையும் பாருங்கள். மூடியின் அடியில் வெள்ளையாகக் குழம்பு போல் படிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாக இருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: கையேட்டில் 30 ஆயிரம் கிலோமீட்டர் என்று இருக்கிறது. அதுவரை விடலாமா?
– பார்சல் வேன் ஓட்டுநர்

பதில்: எழுத்தைப் பாருங்கள், '30 ஆயிரம் வரை' என்றுதான் இருக்கும். அந்த 'வரை'க்குள் நல்ல டீசல், சரியான ஆயில், நீண்ட பயணம் எல்லாம் அடக்கம். ஏசிக்காக மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் வண்டியில் கிலோமீட்டர் நகராது, ஆயில் மட்டும் கிழமாகும். டீசலில் கந்தகம் அதிகமென்றால் இன்னும் முன்னதாக மாற்ற வேண்டும். எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்கும் காரம், குறைந்த சாம்பல் ஆயிலில் கொஞ்சமாகத்தான் இருக்கும். வண்டி எனதாக இருந்தால் பாதியில் மாற்றுவேன். இது என் பயம், கணக்கு இல்லை.

கேள்வி: ஆயிலோடு சேர்க்க ஒரு சின்ன பாட்டில் விற்கிறார்களே, எஞ்சின் ஆயுள் இரட்டிப்பாகுமாமே?

பதில்: விற்பவருடைய ஆயுள் நிச்சயம் கூடும்.

கேள்வி: நடுவழியில் ஆயில் விளக்கு எரிந்தது. கிடைத்த ஆயிலை ஊற்றி வந்துவிட்டேன். தப்பா?

பதில்: சிவப்பு விளக்கு என்றால் முதலில் அணைத்து நிறுத்தியிருக்க வேண்டும், அதைச் செய்தீர்களா என்று எழுதவில்லையே. அளவு ஸ்டிக்கிலுள்ள 'மின்' (குறைந்தபட்ச) கோட்டுக்குக் கீழே போய், சரியான ஆயில் கிடைக்காத இடமென்றால், ஏதோ ஒரு எஞ்சின் ஆயில் இருப்பது இல்லாததைவிட மேல். முறையான எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும், திரியாது. கோட்டுக்கு மேல் வரும் அளவுக்கு மட்டும் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். நிறைய ஊற்றியிருந்தால் வந்ததும் மாற்றிவிடுங்கள். அதோடு, ஆயில் எங்கே போனது என்பதைத் தேடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே ஆயில் மாற்றிக்கொள்ள ஆசை. கவனிக்க வேண்டியது?
– சொந்த வேன் வைத்திருக்கும் வாசகி

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். பில்டரில் மட்டும் கூடுதல் கவனம்.

வேலை பழகும் காலத்தில் ஒரு வேனுக்குத் திருகும் பில்டர் மாற்றினேன். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை, அதன் மேலேயே புதியதைத் திருகிவிட்டேன். ஸ்டார்ட் செய்தார்கள். பத்து எண்ணுவதற்குள் இரட்டை வளையம் பிதுங்கி, புத்தம் புது ஆயில் முழுக்கத் தரையில். முதலாளி திட்டவில்லை. மரத்தூள் மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

இப்போதைய வேன்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடிக்குள் காகித பில்டர். மூடியிலுள்ள பழைய ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, பெட்டியில் வரும் புதியதில் ஆயில் தடவி அதே பள்ளத்தில் மாட்டுங்கள். மூடியிலேயே இறுக்க அளவு எழுதியிருக்கும், பலவற்றில் 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் பலம் காட்டினால் மூடி வெடிக்கும். கையேட்டில் சொன்ன லிட்டரில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, அடியில் குனிந்து சொட்டு இருக்கிறதா பாருங்கள். ஐந்து பத்து நிமிடம் விட்டு, சமதரையில் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். கடைசியில் சர்வீஸ் நினைவூட்டலை ரீசெட் செய்ய மறக்காதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், அதே கேனில் மூடி, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.