பழைய ஃபிலிம் கேமரா வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

இது உங்கள் முதல் கேமரா, கையில் அளவான பணம், விற்பவர் "நல்லா வேலை செய்யுது" என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. சரியாகப் பார்க்காமல் வாங்கி அனுபவப்பட்டவன்.

2018இல் சென்னை நங்கநல்லூரில் ஒரு வீட்டில் பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். 1976 முதல் 1997 வரை வந்த மாடல். பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான், ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மீட்டர் முள் அசைந்தது. நாலைந்து தடவை அழுத்தினேன், சத்தம் கச்சிதமாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

முதல் ரோல் அக்கா பையனின் காதுகுத்துக்கு. மண்டபத்துக்குள் 1/60 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தது எல்லாம் பளிச்சென்று வந்தது. வெளியே உச்சி வெயிலில் 1/1000இல் எடுத்த குடும்பப் படங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாக மூன்றில் ஒரு பங்கு கறுப்பு. அந்தப் பக்கம்தான் அப்பா நின்றார். ஒன்பது படம், ஒன்றில்கூட அவர் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்த வகை கேமராவின் ஷட்டரில் இரண்டு துணித் திரைகள். 1/60 வரை முதல் திரை முழுதாக விலகிய பிறகுதான் இரண்டாவது கிளம்பும். அதற்கு மேல் வேகம் கூடினால் நடுவில் சின்ன இடைவெளி விட்டு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பழைய எண்ணெய் இறுகி முதல் திரை மந்தமாகிவிட்டால், பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்து இடைவெளியை மூடிவிடும். சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான வானத்துக்கு நேராகப் பிடித்து 1/1000இல் பத்துத் தடவையாவது அழுத்திப் பாருங்கள். ஃபோனில் ஸ்லோ மோஷனில் பிடித்தால் இன்னும் நல்லது. ஓரத்திலிருந்து ஓரம் வரை வெளிச்சம் தெரிய வேண்டும். அடுத்து 1 நொடியில் வையுங்கள். பாதியில் தயங்கி நின்றால் உள்ளே பல்சக்கரம் இறுகியிருக்கிறது.

லென்ஸில் சென்னைக்காரர்கள் பயப்பட வேண்டியது பூஞ்சைக்குத்தான். கடற்கரை ஈரக்காற்று, அதோடு தோல் உறையில் போட்டு வருஷக்கணக்கில் பீரோவில் வைக்கும் பழக்கம். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரமான அபெர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் வேண்டாம். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. பேட்டரி மூடியை ஒரு நாணயத்தால் திருகித் திறந்து, பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று தார் மாதிரி ஆகியிருக்கும். அதற்காக நல்ல கேமராவை விட்டுவிடாதீர்கள், மாற்றுவது சுலபம். விலையில் குறைத்துக் கேளுங்கள்.

இவ்வளவு சோதித்தால் விற்பவர் கோபிப்பார் என்று சிலர் சொல்வார்கள். கோபித்தால் கோபிக்கட்டும், பணம் உங்களுடையது. அலமாரியில் அழகுக்கு வைப்பவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை, அதையும் நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் நீங்கள் படம் எடுக்க வாங்குகிறீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேமராவை ரிப்பேருக்குக் கொண்டுபோனபோது கடையிலிருந்த பெரியவர், "நெகடிவ் எடுத்துட்டு வாப்பா, எந்தத் திரை மந்தம்னு பார்த்துச் சொல்றேன்" என்றார். ரோலைக் கழுவிய லேபில் போய்க் கேட்டேன். "ஸ்கேன்தான் அனுப்பிட்டோமே சார், நெகடிவை யாரு வாங்குறா" என்றார்கள். தூக்கிப் போட்டுவிட்டார்களாம், ஒரு வார்த்தை கேட்காமல்! ஃபிலிமில் எடுப்பதே அந்தச் சுருள் கையில் இருக்கும் என்பதற்காகத்தானே. பெரியவர் நெகடிவ் இல்லாமலேயே திரைகளைச் சரிசெய்து கொடுத்தார், இன்றைக்கும் அதே கேமராதான். ஆனால் அதற்குப் பிறகு எந்த லேபில் ரோல் கொடுத்தாலும், "நெகடிவ் திரும்ப வேண்டும்" என்று கவர் மேலேயே பெரிதாக எழுதித்தான் கொடுக்கிறேன். நீங்களும் முதல் ரோலிலிருந்தே எழுதிக் கொடுங்கள்.