குறுக்குப் பாதையில் ஜீப் ஏறினால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஹோட்டன் சமவெளிக்குப் போய் வந்ததைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் மலையில் ஏறும் ஜீப்பையும் மோட்டார் சைக்கிளையும் திட்டி எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் அவற்றை ஓட்டுகிறவர்கள். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மலைக்கு ஏறும் குறுக்குப் பாதை ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் பத்துப் பன்னிரண்டு ஜீப் வரிசையாக அதில் ஏறுகிறது. மழைத்தண்ணீர் போகிற கான் எல்லாம் இடிந்துவிட்டது, மழை பெய்தால் ஊற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. காவல்காரர் அவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறார். ஆனால் அம்மா காட்டோரம் விறகு பொறுக்கப் போனால் விரட்டுகிறார். இதை யாரிடம் சொல்வது?
– வாசகி, அப்புத்தளைப் பக்கம்

பதில்: தங்கச்சி, அம்மாவை விரட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கான்.

என் அப்பா கான் வெட்டுக்குப் போனவர். மலையின் குறுக்கே, லேசான சரிவு மட்டும் வைத்து வெட்டுவார்கள், மேலிருந்து வருகிற மழைத்தண்ணீர் அதில் விழுந்து மெதுவாக ஓரத்து ஓடைக்குப் போய்ச் சேரும். "தண்ணி ஓடக்கூடாதுடா, நடக்கணும்" என்பார். ஜீப் என்ன செய்கிறது என்றால், அந்தக் கான்களை எல்லாம் வெட்டிக்கொண்டு நேரே மேலே ஏறுகிறது. டயர் அழுத்திய இடத்தில் மண் இறுகிவிடும், தண்ணீரைக் குடிக்காது. கானில் நடந்துகொண்டிருந்த தண்ணீர் உடைந்த இடத்தில் டயர்த் தடத்துக்குள் விழுந்து நேரே கீழே ஓடும். முதல் மழைக்கு ஒரு சாண் பள்ளம், அடுத்த பருவமழைக்குள் முழங்கால் அளவு. பாதை பள்ளமானதும் அடுத்து வருகிற ஜீப் பக்கத்தில் புதுத் தடம் போடும், அப்படித்தான் ஒற்றையடிப் பாதை லொறி போகிற அகலத்துக்கு விரிகிறது. அரித்துப்போன அந்த மண்தான் உங்கள் பீலியில் வருகிறது.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த அவலத்துக்கு ஜீப் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவுக்கு அடியில் படுத்து உறங்குகிற சனத்துக்கு, மேலே தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்பது உயிர் விஷயம். இதை உங்கள் முறைப்பாட்டில் முதல் வரியாக எழுதுங்கள். "சத்தம் தாங்க முடியவில்லை" என்று தொடங்கினால் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

யாரிடம் கொடுப்பது என்றால், பாதை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தேயிலை மலைக்குள் என்றால் தோட்ட நிர்வாகம். நிலம் அரசுடையதுதான், 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, குத்தகைக்குத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, எழுதும் கடிதத்தின் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். பிரதேச சபையையும் விடாதீர்கள். முன்பெல்லாம் "தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்காது" என்று கையை விரித்துவிடுவார்கள், 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தச் சாக்குக்கு இடமில்லை. காட்டுக்குள் என்றால் வனத் திணைக்களம், தேசிய பூங்கா அல்லது சரணாலயம் என்றால் வனவிலங்குத் திணைக்களம். சரிவில் வெடிப்பு ஏதும் கண்டால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தச் சொல்லிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், மண்சரிவு பார்ப்பது அவர்கள் வேலை. ஒரே இடத்தை மழைக்கு முன்னும் பின்னும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள், வண்டி இலக்கமும் வேண்டும். பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், இருட்டில் வரும் மோட்டார் சைக்கிள்காரப் பையனின் கழுத்து அறுந்துவிடும்.

சரி, விறகுக்கு வருகிறேன். முறைப்பாடு கொடுத்தால் மேலே இருக்கிறவர்களுக்கு ஆக எளிதான தீர்வு, கேட்டை எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டிவிடுவது. எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. ஜீப்புக்காரர் வேறு மலைக்குப் போய்விட்டார்கள், எங்கள் பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்துக்கு மெயின் ரோட்டால் சுற்றிப் போனார்கள். அதனால் கடிதத்திலேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: வண்டிக்குப் பாதையை அடைக்க வேண்டும், ஓர் ஆள் தலையில் விறகுக்கட்டோடு நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். இரண்டு கல்தூண் நட்டால் போதும். சட்டம் பாதுகாக்கிற காட்டுக்குள் விறகு எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து எல்லைக்குள் விழுந்து கிடக்கும் சுள்ளிக்கு விரட்டுவதும், கான் உடைக்கிற வண்டிக்குக் கேட்டைத் திறப்பதும் ஒரே காவல்காரர் கையில் நடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் ஹட்டன் பையன்கள், எட்டுப் பேர். பழைய ட்ரெயில் பைக் வைத்திருக்கிறோம். குப்பை போடுவதில்லை, சைலன்சரைக் கழற்றுவதில்லை. கொழும்பிலிருந்து வருகிற பெரிய ஜீப்புகள் செய்வதற்கெல்லாம் எங்களுக்குத்தான் ஏச்சு. மலை எல்லாருக்கும் பொதுதானே, நாங்கள் எங்கேதான் ஓட்டுவது?
– வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, பிறந்து வளர்ந்த மலையை வண்டியில் சுற்றிப் பார்க்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. உங்களையும் வாரக்கடைசி ஜீப் ஊர்வலத்தையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் "மலை எல்லாருக்கும் பொது" என்பதில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. நடப்பதற்கு இருக்கிற உரிமை இஞ்சினுக்குத் தானாக வந்துவிடாது. ஸ்கொட்லாந்தில் 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காடு மலை எங்கும் பெரும்பாலும் யாரும் நடக்கலாம், சைக்கிளில் போகலாம், குதிரையில் போகலாம், தனியார் நிலமாக இருந்தாலும் சரி. அவ்வளவு தாராளமான சட்டத்திலும் மோட்டார் வண்டிக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்னும் பழையது. பொது நிலங்களில் இந்த வண்டிகளுக்கு எது திறந்தது, எது மூடியது என்று பிரித்துக் குறிக்க வேண்டும் என 1972இல் ஜனாதிபதி நிக்சன் உத்தரவு போட்டார், 2005இல் அந்நாட்டு வனச் சேவை, வரைபடத்தில் குறித்த பாதையில் மட்டும்தான் வண்டி போகலாம் என்று விதி கொண்டுவந்தது. அதாவது வண்டிக்காரருக்கு இடமே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, குறித்த இடத்தில் ஓட்டு என்றார்கள். நமக்குத் தேவையானதும் அதுதான்.

இங்கே நிலைமை என்ன? தேசிய பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக்கூடாது, அதில் பேச்சே இல்லை. 2022 ஒக்டோபரில் யாலவுக்குள் வண்டிகளைத் தாறுமாறாக ஓட்டிய வீடியோ பரவி, ஓட்டியவர்கள் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நக்கிள்ஸ் மலைப் பக்கத்துப் பத்தனைப் புல்வெளிகளிலும் இறங்காதீர்கள். பார்க்கப் புல்வெளி அகலமாகக் கிடக்கும், ஆனால் அடியில் மண் மெல்லியது, ஒரு தடம் விழுந்தால் வருஷக்கணக்கில் ஆறாது. பைக் ஜீப்பைவிடக் குறைந்த பாரம் என்பது உண்மை. ஆனாலும் ஒற்றைச் சில்லு போடும் குறுகிய தடம் தண்ணீருக்கு வெட்டிக்கொடுத்த வாய்க்கால் மாதிரி, சரிவில் அது சீக்கிரம் ஆழமாகும்.

ஓட்டக்கூடியவை, ஏற்கனவே வண்டி போகிற கரடுமுரடான ரோடுகள். ஓஹியாவிலிருந்து கலுபஹனப் பக்கம் இறங்கும், டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று நீங்கள் எல்லாரும் சொல்கிற பாதை அப்படிப்பட்டதுதான். அதிலும் தோட்டங்கள் உண்டு, ஆட்கள் உண்டு. காய்ந்த நாளில் மட்டும் போங்கள். மழை விட்டு மூன்று நாளாவது ஆகட்டும். லயத்தைத் தாண்டும்போது நடை வேகத்தில் போங்கள், கோயில் வாசலில் இஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் உங்களை ஏச மாட்டார்கள்.

அப்புறம் ஒரு யோசனை, இதை நான் உண்மையாகவே சொல்கிறேன். எட்டுப் பேரும் ஒரு கழகமாகப் பதிந்துகொண்டு, கைவிட்ட தேயிலை மலை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். எத்தனையோ தோட்டங்களில் காடாகிப்போன மலைகள் கிடக்கின்றன. கீழே லயமோ பீலியோ இல்லாத, சரிவு குறைந்த இடமாக இருக்க வேண்டும். நுழைய ஒரு கட்டணம் வையுங்கள், அந்தக் காசில் தோட்டத்து ஆட்களுக்கே கூலி கொடுத்துக் கான் வெட்டுங்கள். ஜீப்புக்காரரும் அங்கே வந்து சேறு பூசிக்கொள்ளட்டும். துரை ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம், ஆனால் எழுத்தில் திட்டத்தோடு வருகிற உள்ளூர்ப் பையன்களைச் சும்மா திருப்பி அனுப்புவது கஷ்டம்.

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் குறித்த பாதையை விட்டுப் புல்லில் பத்தடி போய்ப் படம் எடுத்ததற்குக் காவலர் சத்தம் போட்டார். காசு கொடுத்துத்தானே போனோம்? பத்தடியில் என்ன கெட்டுவிடும்?
– வாசகர், நுவரெலியா

பதில்: ஐயா, நீங்கள் ஒருவர் மட்டும் போயிருந்தால் ஒன்றும் கெடாது. பின்னால் வந்தவர்கள் உங்கள் காலடியைப் பாதை என்று நினைத்திருப்பார்கள். 1988இல் தேசிய பூங்காவான அந்த 3,160 ஹெக்டெயரில் மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் ஊறுகிறது. புல்லுக்கு அடியில் இருக்கும் கறுப்பு மண் பஞ்சு மாதிரி மழையையும் பனியையும் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மிதித்து இறுகிய பஞ்சு தண்ணீர் பிடிக்காது. இன்னொன்றையும் யோசியுங்கள். நம் நாட்டின் பெரும்பாலான தேசிய பூங்காக்களில் வண்டியை விட்டே இறங்க முடியாது. ஹோட்டனில் ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு, உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பு வரை போய் பேக்கர் அருவியைப் பார்த்துத் திரும்பும் வரை காலால் நடக்க விடுகிறார்கள். நடக்க விடுகிற பூங்காவில் பாதையில் நடப்பதுதான் நாம் கொடுக்கும் விலை. வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் பார்ப்பதற்கும் கோபப்படாதீர்கள், அதைத் தின்கிற மரைகளை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்து வழியாக பீகோ ட்ரெயில் என்று வெளிநாட்டுக்காரர்கள் நடந்து போகிறார்கள். வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு இதனால் என்ன வந்தது? பாதையை மூடச் சொல்லலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: மூடச் சொல்லாதீர்கள் அக்கா. கோபம் எனக்கு விளங்குகிறது, பிள்ளை குளிக்கிறதைப் படம் எடுத்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். கேட்காமல் எடுக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை எழுதி லயத்து முனையில் வைக்க எந்தத் துரையின் அனுமதியும் தேவைப்படாது.

ஆனால் அந்தப் பாதை எது என்று பாருங்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதியாகப் போகிறது. அதற்காகப் புதிதாக வெட்டிய ரோடு இல்லை அது, பெரும்பாலும் கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் போவதற்கு நம் பாட்டன் பாட்டி வெட்டி, நடந்து, தேய்த்த பாதைகள். தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்து வந்த சனம் நாம், வழியில் எத்தனை பேரைப் புதைத்தோம் என்பதற்குக் கணக்கில்லை. நாம் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்களே, நானும் கடைசி நாளில் கொஞ்சத் தூரம் போனேன், காலில் கொப்புளம் வந்தது, அழுகையும் வந்தது. அப்படிப்பட்ட பாதையில் உலகம் நடக்க வருகிறது என்றால், அதில் தேத்தண்ணீர்க் கடை யாருடையது, வழிகாட்டி யார், தங்க அறை கொடுப்பது யார் என்றுதான் நாம் கேட்க வேண்டும். மகளிர் சங்கம் இருந்தால் அதன் பெயரில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணீரும் வையுங்கள். ஊர்ப் பெயருக்கும் மலைப் பெயருக்கும் காரணம் தெரிந்த பழைய ஆட்கள் உங்கள் லயத்தில்தான் இருக்கிறார்கள், அதை வெளியிலிருந்து வருகிற வழிகாட்டி சொல்ல முடியாது. அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஏறத் தொடங்கினால் மட்டும் உடனே எழுதுங்கள். அப்போது நடக்க வருகிறவர்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

கேள்வி: ஒற்றையடிப் பாதையில் சைக்கிள்காரரும் நடக்கிறவரும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: சைக்கிள்காரர். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் தாங்களே ஒத்துக்கொண்ட வழக்கம் இது: சைக்கிள் நடக்கிறவருக்கு ஒதுங்கும், இருவரும் குதிரைக்கு ஒதுங்குவார்கள். நம் பக்கத்தில் இதற்கெல்லாம் மேலே இன்னொருவர் உண்டு. கொழுந்துக் கூடையோடு வருகிறவரைக் கண்டால் சைக்கிளோ ஜீப்போ சுற்றுலாக்காரரோ எல்லாரும் ஓரத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: மாணவர்களைக் காட்டுப் பாதையில் கூட்டிப் போகும்போது சேறு வந்தால் ஓரமாகப் புல்லில் நடக்கச் சொல்கிறேன். சப்பாத்து அழுக்காகாது. சரிதானே?
– ஆசிரியை, வெலிமடை

பதில்: டீச்சர், சேற்றின் நடுவாலேயே நடக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நடந்தால் ஓரமும் சேறாகி, அடுத்த வகுப்பு இன்னும் ஓரமாகப் போகும், ஜீப் இல்லாமலேயே பாதை விரியும். பழைய சப்பாத்துப் போட்டு வரச் சொல்லி முதல் நாளே அறிவித்துவிடுங்கள், அட்டைக்குக் கொஞ்சம் சவர்க்காரமும் கொண்டுபோங்கள்.